விருந்தாளி இளைக்கவில்லை

கம்ப்யூட்டருக்கு வயது கணக்கிடும் முறையே அலாதியானது. மனிதனுக்கு அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி நடத்துகிறோம். கம்ப்யூட்டருக்கு எட்டு வயது நிறைந்தால் கருமாதிக்கு நாள் பார்க்கிறார்கள். உடம்பில் நோய் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. திரை பளிச்சென்று எரியும். விசைகள் சொன்னபடி கேட்கும். ஆனாலும் "உன் காலம் முடிந்தது" என்று எங்கிருந்தோ ஓலை வந்துவிடும்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி அப்படி ஓர் ஓலை வந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் வழக்கமான ஆதரவை அன்றோடு நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொள்வோம் என்றால், அது ஜாதகம் கேட்கிறது. 4 ஜி.பி. நினைவகமாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். 2017-க்கு முன் பிறந்த செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பந்தியில் இலையே கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். அவர் மகள் எம்.ஏ. தமிழ் படித்து வந்தாள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவளுடைய அண்ணன் பெற்ற பெட்டிதான் அவளுக்கும். நினைவகம் 2 ஜி.பி. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால், வரவேற்புப் படம் தெரியும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதமே பாக்கி. பழுது பார்க்கும் கடையில், "இது தேறாதும்மா, புதுசு வாங்கிடு" என்று சொல்லிவிட்டார்கள். புதுசின் விலையோ தகப்பனாரின் இரண்டு மாதச் சம்பாத்தியம்.

என் அக்காள் மகன் இத்தகைய வைத்தியத்தில் கைதேர்ந்தவன். அவனைப் பிடித்துக்கொண்டு போனேன். முதலில் அவளுடைய கோப்புகளையெல்லாம் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்தான். பிறகு, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி வைத்த லினக்ஸின் சந்ததிகளில் ஒன்றான லுபுண்டுவை ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தான். ஒலி கேட்கிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே பெட்டியில் ஏற்றினான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினான். செகண்ட் ஹாண்டில் இன்னொரு 2 ஜி.பி. நினைவகம் சேர்த்தான். அதிகம் தொடாத சங்கதிகளைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் அடைத்து வைக்கும் இசட்ராம் என்ற வசதியையும் முடுக்கிவிட்டான்.

பெட்டி நிமிஷத்துக்குள் விழித்துக்கொண்டது. லிப்ரே ஆபீஸில் தமிழ் தங்குதடையின்றி ஓடிற்று. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் பெருமைப்படத் தொடங்கினேன். அப்போது பையன் சொன்னான்: "மாமா, ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. வீட்டுக்காரன் இளைச்சிருக்கான். விருந்தாளி இளைக்கலே."

விருந்தாளி என்று அவன் சொன்னது பிரௌஸரை. லினக்ஸும் அதன் எளிய மேஜைத்திரையும் ஒரு ஜி.பி.க்குள் குடித்தனம் நடத்திவிடும். ஆனால் பிரௌஸரில் திறக்கும் பக்கங்கள் பலவும் தனித்தனி அடுப்பு மூட்டிச் சமைக்கின்றன. பத்துப் பக்கம் திறந்தால் எந்த அமைப்பானாலும் மூச்சு வாங்கும். அதோடு வீடியோக் கூட்டமும் சேர்ந்தால், பழைய செயலி காற்றாடியைச் சுழற்றிக்கொண்டு புலம்பும். அந்தப் பெண் ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறக்கப் பழகிக்கொண்டாள். ஆய்வேடும் உரிய நாளில் முடிந்தது.

ஆனால் அவள் தகப்பனார் என்னிடம் ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி சார். பணம் இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைகிட்ட, ஒண்ணை மூடிட்டு ஒண்ணைத் திறன்னு யாராவது சொல்லுவாங்களா?"

சாதாரணக் கேள்வி அல்ல அது. சிக்கனத்தின் மகிமையை நாம் எப்போதும் இல்லாதவர்களுக்குத்தான் உபதேசிக்கிறோம். பழைய பெட்டியை ஓட்டுவது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒரு மாணவியின் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? ஒரு கடிதம் படிக்கவும் ஒரு படிவம் நிரப்பவும் இத்தனை பாரம் எதற்கு?

பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைச் சுட்டிக் காட்டினார். யந்திரம் விரைவு பெறுவதைக் காட்டிலும் மென்பொருள் மந்தமடைவது வேகமாக நடக்கிறது என்பது அவர் கட்டுரையின் சாரம். இடம் தாராளமாகக் கிடைத்தால் சிக்கனம் போய்விடுகிறது. கதை எழுதும் எங்களுக்கு இது புதிதல்ல. நாலு பக்கந்தான் என்று ஆசிரியர் கறாராகச் சொன்னால், அதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். பக்கக் கணக்கே இல்லையென்றால், கதாநாயகி மாடிப்படி இறங்கி வரவே மூன்று வாரம் ஆகும்.

ஆகவே என் விண்ணப்பம் தையற்காரர் மகளுக்கு அல்ல; மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு. உங்கள் மேஜையில் மின்னுகிற புதிய யந்திரத்துக்குப் பக்கத்தில், 4 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு பழைய பெட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். அது முனகினால், ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.