தாழ்ந்த இறக்கைக்கு ஒரு முட்டு

மதுரைக்கு வடக்கே, வற்றிக் கிடந்த ஒரு கண்மாய். சித்திரை மாதத்து ஞாயிறு, காலை ஆறு மணி. கரையோரச் சீமைக்கருவேலத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“இந்த அமைதி எட்டு மணி வரைக்கும்தான் தம்பி. வெயில் ஏறுனா தரையில இருந்து அனல் கிளம்பி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்” என்றபடி, எனக்கு மாதிரி விமானம் பறக்கவிடக் கற்றுத்தரும் மாஸ்டர் தன் எக்ஸ்எல் வண்டியிலிருந்து நீளமான அட்டைப்பெட்டியை இறக்கினார்.

ஊரை விட்டு இவ்வளவு தள்ளி வருவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை வான்வெளிக்குக் கட்டுப்பாடு உண்டு. பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் விடுகிற மாதிரி விமானம் 25 கிலோவைத் தாண்டக் கூடாது, கண் பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. கற்றுக்கொள்பவனுக்கு இந்தக் கடைசி விதியைச் சொல்லவே வேண்டியதில்லை. இருநூறு மீட்டர் போனாலே விமானம் வருகிறதா, போகிறதா என்று தெரியாமல் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

மாஸ்டருக்குப் பிழைப்பு டிவி பழுதுபார்க்கும் கடை. கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தபோது பிடித்த பித்து இது. அன்று ரிமோட் ஏது? இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் விமானம், நடுவில் நின்று சுழலும் மனிதன். ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து ஓடும் குட்டி டீசல் என்ஜின். விளக்கெண்ணெய் புகைந்த அந்த வாசனை சட்டையில் ஒட்டினால் இரண்டு துவைப்புக்கும் போகாதாம். பிறகு ரேடியோ வந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால் பறக்கிற விமானம் விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, எண் எழுதிய துணிக் கிளிப்புகளை மாட்டுவார்கள். கிளிப் யார் கையிலோ அவர் மட்டும் பறக்கவிடலாம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் தன் ரிமோட்டை மட்டும் அடையாளம் கண்டுகொள்வதால் கிளிப்புக்கு வேலையில்லை. மாஸ்டர் இன்னும் ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

பெட்டியிலிருந்து வெளியே வந்தது அவரே செய்த பயிற்சி விமானம். ஒன்றேகால் மீட்டர் இறக்கை, வெள்ளை நுரை அட்டை. உடல், விளம்பரத் தட்டிகளில் பார்ப்போமே, அந்த நெளி பிளாஸ்டிக் ஷீட். வால் சுக்கானை இழுக்கும் கம்பி, சைக்கிள் ஸ்போக். இறக்கையை உடலோடு பிடித்திருப்பவை ரப்பர் வளையங்கள் மட்டும்தான். ஏன் திருகாணி போடவில்லை என்று முதல் வாரமே கேட்டிருந்தேன். “விழுறப்ப இறக்கை கழண்டு ஓடணும். கழலலைன்னா உடையும்” என்றார். அந்த ஒரு பதிலில் நான் அவரிடம் மாணவனாகிவிட்டேன்.

இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அகலத்தில், அடியில், மையால் இரண்டு புள்ளிகள். அந்த இடத்தில் இரண்டு விரல் நுனிகளில் விமானத்தைத் தாங்கினார். மூக்கு லேசாகத் தாழ்ந்தது. பேட்டரியை அரை அங்குலம் பின்னால் நகர்த்தினார், மட்டமாக நின்றது. பேட்டரியைச் சொருகும் வரிசையில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை: மோட்டார் ஸ்டிக் அடியில் இருக்க வேண்டும், முதலில் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் பேட்டரி. நிறுத்தும்போது முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் ப்ரொப்பெல்லர் வெட்டிய தழும்பு இருக்கிறது.

ஐந்து ஞாயிறுகள் இரண்டு ரிமோட்டுகளை வயரால் இணைத்துக் கற்றேன். அவர் ஒரு சுவிட்சை அழுத்தியிருக்கும்வரை விமானம் என்னுடையது. விட்டால் அவருடையது. எத்தனையோ முறை தரைக்குச் சில அடி உயரத்தில் அவர் விரல் சுவிட்சை விட்டிருக்கிறது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடது நம் இடது. திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். மூளைக்கு இது புரிகிறது, விரலுக்குப் புரிவதில்லை. “அங்கிட்டு இங்கிட்டுன்னு யோசிக்காதீங்க தம்பி. உங்களைப் பார்த்து வருதா? எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்க. சாயிற வாழைக்கு முட்டுக் குடுக்கிறோம்ல, அது மாதிரி.” எத்தனையோ வீடியோக்களில் எனக்குப் பிடிபடாதது அந்த வாழையில் பிடிபட்டது.

இன்று ஆறாவது ஞாயிறு. வயர் இல்லை.

அவர் இரண்டு எட்டு வைத்து, காற்றுக்கு எதிரே வீசினார். ஏறியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் கரைப்பக்கம் திரும்பி என்னை நோக்கி வந்தபோது கிழக்குச் சூரியன் இறக்கையை ஒரு கணம் கரியாக்கிவிட்டது. எந்தப் பக்கம் தாழ்கிறது? விரல் பழைய பக்கமே போனது. சாய்வு கூடி, மூக்கு குத்தி, வெடித்த களிமண்ணில் சத்தம் கேட்டது.

எனக்குப் பேச்சு வரவில்லை. மாஸ்டர் ஓடவில்லை, நடந்துதான் போனார். முதலில் பேட்டரியைக் கழற்றி, உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அடிபட்ட லிப்போ பேட்டரி சற்று நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். மணல் நிரப்பிய மண்சட்டியில் அதை வைத்தார். இறக்கை, அவர் சொன்னபடியே, கழன்று பத்தடி தள்ளிக் கிடந்தது, முழுசாக. மூக்கு மட்டும் நசுங்கி, ப்ரொப்பெல்லர் ஒடிந்திருந்தது.

கருவேல நிழலில் உட்கார்ந்து நசுங்கிய இடத்தை நிமிர்த்தினார். ஷீட்டின் நெளிக்குழல்களுக்குள் மூங்கில் குச்சிகளைச் செருகினார், ஒன்று விட்டு ஒன்றாக நான்கு. சூடான பசை விட்டு, ஆறும்வரை இரு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அவசரத்துக்குச் சூப்பர் குளூ தொடுவதில்லை. அது நுரை இறக்கையில் பட்டால் அரித்துவிடும். புது ப்ரொப்பெல்லரை மாட்டி, வேறு பேட்டரியை வைத்து, மறுபடியும் விரல் நுனியில் தாங்கிப் பார்த்தார். பசையும் குச்சியும் சேர்ந்த எடையில் மூக்கு தாழ்ந்தது. பேட்டரி இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

மணி ஏழேகால். “சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்க” என்று ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, விமானத்தைத் தூக்கிக்கொண்டு காற்றைப் பார்த்து நடந்தார்.