என்னை மாதிரி ஆகிடாதீங்க!

ஜெயித்தவர்கள் கையில் மைக் கிடைத்தால் என்ன சொல்வார்கள்? 'என்னால முடிஞ்சா உங்களாலும் முடியும்!' காலேஜ் ஆண்டு விழா சீஃப் கெஸ்ட் முதல் டி.வி. பேட்டி வரை இதே டயலாக்தான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

1995 ஜூலை 11-ம் தேதி, அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பத்திரிகையாளர்கள் முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயசு 63. ஒரு காலத்தில் காளை மாதிரி இருந்த உடம்பு, சட்டைக்குள்ளே தொலைந்து போயிருந்தது. தலையில் ஒரு பேஸ்பால் தொப்பி. கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. தன்னையே சுட்டிக்காட்டி அவர் சொன்னார்... ''இதோ இருக்கான் பாருங்க ரோல் மாடல். என்னை மாதிரி ஆகிடாதீங்க!''

அவர் பெயர் மிக்கி மேன்டில்.

பேஸ்பால் விதிகளில் பாதி எனக்கு இன்னமும் புரியாது. ஆனால், அந்தப் பேட்டியின் வீடியோவைப் பார்த்ததில் இருந்து இந்த மனுஷரை விட முடியவில்லை. தேடித் தேடிப் படித்தேன். ஒரே கேள்விதான் மண்டைக்குள் குடைந்தது. குடித்துக் குடித்துத் தன்னையும் குடும்பத்தையும் சீரழித்தவர் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் ரசிகர்கள் ஏன் இவரைக் கைவிடவே இல்லை? அந்த அன்பு இவரைக் காப்பாற்றியதா... கவிழ்த்ததா?

சுரங்கத்துப் பையன்

மிக்கி பிறந்தது 1931-ல், ஓக்லஹோமா மாநிலத்தில். அப்பா மட் மேன்டில், ஈயமும் துத்தநாகமும் எடுக்கிற சுரங்கத்தில் தொழிலாளி. பேஸ்பால் பைத்தியம். மிக்கி காக்ரேன் என்ற ஆட்டக்காரர் மேல் இருந்த பிரியத்தில்தான் மகனுக்கே அந்தப் பெயரை வைத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அப்பா வலது கையால் பந்து போடுவார், தாத்தா இடது கையால் போடுவார். பையன் இரண்டு பக்கமும் நின்று அடிக்கணும். ஒரே பேட்ஸ்மேன் பாதி நாள் சச்சினாகவும் பாதி நாள் கங்குலியாகவும் ஆடினால் எப்படி இருக்கும்? மிக்கி அப்படித்தான் வளர்ந்தார்.

ஸ்கூலில் ஃபுட்பால் ஆடும்போது காலில் பட்ட ஓர் உதை, எலும்பில் சீழ் வைக்கிற நோயாக மாறியது. காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிற அளவுக்குப் போனது. அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த பெனிசிலின் காலைக் காப்பாற்றியது.

1951-ல், 19 வயசில், நியூயார்க் யாங்கீஸ் டீமில் இடம். கிராமத்துப் பையன் மிரண்டு போனான். ஆட்டம் வரவில்லை. கீழ்நிலை டீமுக்கு கான்சாஸ் சிட்டிக்கு அனுப்பி விட்டார்கள். அப்பாவுக்கு போன் போட்டு, 'என்னால முடியலைப்பா' என்று அழுதான். அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், பெட்டியை எடுத்து மகனின் துணிகளை அள்ளிப் போட ஆரம்பித்தார். 'ஆம்பளைப் பிள்ளையை வளர்த்தேன்னு நினைச்சேன். கிளம்பு, என்னோட சுரங்கத்துக்கே வேலைக்கு வந்துடு' என்கிற அர்த்தத்தில் விளாசினார். பையன் கிளம்பவில்லை. அந்த வருஷமே யாங்கீஸுக்குத் திரும்பினான்.

அந்த வருஷக் கடைசியில் நடந்ததுதான் கொடுமை. வேர்ல்டு சீரீஸ் போட்டியில், பந்தைப் பிடிக்க ஓடிய மிக்கியின் முழங்கால் பிசகியது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவின் தோளில் சாய்ந்தார். தாங்க முடியாமல் அப்பா சரிந்து விழுந்தார். ஏற்கெனவே உள்ளுக்குள் நோய் அரித்த உடம்பு அது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அப்பாவுக்கு ஹாட்ஜ்கின்ஸ் என்ற புற்றுநோய். அடுத்த மே மாசம் இறந்துவிட்டார். 40 வயசுதான்.

அந்தக் குடும்பத்து ஆண்கள் பலரும் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். 'நானும் நாற்பதைத் தாண்ட மாட்டேன்' என்ற முடிவுக்கு 20 வயசிலேயே வந்துவிட்டார் மிக்கி. இருக்கிறவரைக்கும் ஆட்டம், பாட்டம், கொண்டாட்டம்! பிற்காலத்தில் அவர் அடிக்கடி சொன்ன ஜோக், 'இவ்வளவு நாள் இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா உடம்பை ஒழுங்கா கவனிச்சிருப்பேனே!'

கைதட்டலும் கண்ணாடி டம்ளரும்

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956-ல் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், டீமுக்குச் சேர்த்துக் கொடுத்த ரன் - மூன்றிலும் லீகில் முதலிடம். அந்த வருஷம் மட்டும் 52 ஹோம் ரன். மொத்தமாக 536. ஏழு முறை சாம்பியன் டீமில் இருந்தார். வேர்ல்டு சீரீஸில் அவர் அடித்த 18 ஹோம் ரன்களை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இத்தனையும் கட்டுப் போட்ட முழங்காலோடு!

ராத்திரியானால் பில்லி மார்ட்டின், வைட்டி ஃபோர்டு என்ற இரண்டு டீம் நண்பர்களோடு கிளப் கிளப்பாகச் சுற்றுவார். 1957-ல் பில்லியின் பிறந்த நாள் பார்ட்டியில் அடிதடி வரைக்கும் போய் பேப்பரில் வந்தது. மற்றபடி அந்தக் காலத்து நிருபர்கள் ஹீரோக்களின் ராத்திரி வாழ்க்கையை எழுத மாட்டார்கள். 1970-ல் கூட ஆடிய ஜிம் பவுட்டன் 'பால் ஃபோர்' என்ற புத்தகத்தில் மிக்கியின் குடியைப் பற்றிப் போட்டு உடைத்தபோது பேஸ்பால் உலகம் கோபப்பட்டது. யார் மேல்? குடித்தவர் மேல் இல்லை... எழுதியவர் மேல்!

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். அந்த மனுஷரைச் சுற்றி 40 வருஷமாக அத்தனை கோடிப் பேர். ரெஸ்டாரன்ட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து டேபிளில் இருந்து டிரிங்க்ஸ் வரும். வாங்கிக் கொடுத்தவனுக்கு அது வாழ்நாள் பெருமை. 'மிக்கிக்கு நான் ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்தேன்டா' என்று பேரன் வரைக்கும் சொல்வான். அத்தனை பேரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள். அந்த அன்பு டம்ளர் டம்ளராக வந்ததுதான் பிரச்னை. உரிமையோடு பெட்டியைக் கட்டி 'கிளம்பு' என்று சொல்ல அப்பா உயிரோடு இல்லை.

1968 சீஸனோடு ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த கெட்ட கனவை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். டாக்ஸியில் யாங்கீ ஸ்டேடியத்துக்கு ஓடி வருகிறார். லேட். கேட் பூட்டியிருக்கிறது. வேலியில் ஒரு ஓட்டை. அதற்குள் புகுந்தால் பாதியில் மாட்டிக்கொள்கிறார். உள்ளே ஸ்பீக்கரில் அவர் பெயரைக் கூப்பிடுவது கேட்கிறது. டீம் அவரைத் தேடுகிறது. போக முடியவில்லை. வியர்த்து எழுந்து உட்காருவார். நாற்பதில் செத்துப் போவோம் என்று நம்பியவருக்கு, நாற்பதுக்கு மேல் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

எண்பதுகளில் பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கிற மோகம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கே பணம். விளையாடிய காலத்தில் அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர். ஆட்டத்தில் சம்பாதித்ததைவிட கையெழுத்தில் சம்பாதித்தது அதிகம். ஐம்பது வயசு ஆசாமிகள் க்யூவில் நின்று, அவரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுவார்கள். ஏன் அழுகிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. காலையிலேயே பிராந்தி, கலுவா, க்ரீம் கலந்து ஒரு கிளாஸ். அதற்கு அவர் வைத்த பெயர், 'சாம்பியன்களின் காலை டிபன்'!

பத்து நிமிஷக் கடிதம்

நாலு பையன்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா வீட்டில் இல்லை. வளர்ந்த பிறகு அப்பாவோடு நேரம் செலவழிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி, கூட உட்கார்ந்து குடிப்பது. இதை மிக்கியே பிறகு வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். தன் அப்பா பந்து போட்டுப் பழக்கினார், தான் பையன்களுக்குப் பழக்கியது இதை!

1993 டிசம்பரில் குழந்தைகளுக்கு நிதி திரட்டுகிற ஒரு கோல்ஃப் நிகழ்ச்சியில், போதையில் ஒரு பாதிரியாரைக் கேவலமாகப் பேசிவிட்டார். மறுநாள் அது அவருக்கு ஞாபகமே இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். டாக்டரிடம் போனார். 'அடுத்த பெக்கே கடைசி பெக்காக இருக்கலாம்' என்றார் டாக்டர். அதற்கு முன்பே, கடைசி மகன் டேனி கலிஃபோர்னியாவில் உள்ள பெட்டி ஃபோர்டு சென்டரில் சிகிச்சை எடுத்து வந்திருந்தார். மகன் காட்டிய வழியில் அப்பா போனார், 1994 ஜனவரியில்.

அங்கே ஒரு பயிற்சி. இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் எழுதணும். எழுத பத்து நிமிஷம்தான் ஆனது, எழுதும்போதெல்லாம் அழுதேன் என்றார் மிக்கி. 'நீங்க போனதுக்கு அப்புறம் நான் நல்லா ஆடினேன்ப்பா, எனக்கு நாலு பசங்க, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்'... இதுதான் சாரம். உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் சொல்ல 42 வருஷம் ஆகியிருக்கிறது.

சிகிச்சை முடிந்து வந்த கொஞ்ச நாளிலேயே, மார்ச்சில், மகன் பில்லி மாரடைப்பில் இறந்தார். 36 வயசு. தாத்தாவுக்கு வந்த அதே ஹாட்ஜ்கின்ஸ் நோயோடு வருஷக்கணக்கில் போராடிய பையன். குடிக்க இதைவிடப் பெரிய காரணம் ஒரு மனுஷருக்கு வேணுமா? மிக்கி குடிக்கவில்லை. அவர் ஆடிய ஆட்டங்களிலேயே எனக்குப் பிடித்த ஆட்டம் இதுதான். ஸ்கோர் போர்டு இல்லை, கைதட்டல் இல்லை. அடுத்த மாசமே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில், தன் குடிப் பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

ஆனால், கல்லீரல் கணக்கு வைத்திருந்தது. நாற்பது வருஷக் குடியோடு ஹெபடைடிஸ் சி கிருமி, அதோடு புற்றுநோய். 1995 ஜூன் 8-ம் தேதி மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். பட்டியலில் பெயர் சேர்த்து இரண்டே நாளில் உறுப்பு கிடைத்ததால் கடுமையான விவாதம் கிளம்பியது. 'ஹீரோன்னா க்யூ கிடையாதா? குடிச்சே கெடுத்துக்கிட்டவருக்கு எதுக்கு?' என்று கேட்டார்கள். இருந்தவர்களில் அவர் நிலைமைதான் ரொம்ப மோசம் என்று டாக்டர்கள் விளக்கினார்கள். கேள்வி நியாயமானது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஓர் உறுப்புக்காக எத்தனையோ பேர் காத்திருக்கும்போது யாரும் கேட்பார்கள்தான். மிக்கி அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. உறுப்பு தானத்துக்காகத் தன் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வந்து குவிந்த ரசிகர்களின் கடிதங்களுக்கு அவர் கொடுத்த கைம்மாறு அது.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது. ஆகஸ்ட் 13-ம் தேதி போய்விட்டார். இறுதிச் சடங்கில் பேசியவர் பாப் காஸ்டாஸ். டி.வி. வர்ணனையாளர், மிக்கியின் கார்டைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு திரிந்த ரசிகர். 'முன்மாதிரிக்கும் ஹீரோவுக்கும் உள்ள வித்தியாசத்தை மிக்கி கடைசியில் புரிந்துகொண்டார். முதலாவதாக அவர் பல நேரம் இல்லை. இரண்டாவதாக எப்போதும் இருப்பார்' என்ற கருத்தில் பேசினார். என் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. ரசிகர்கள் குடியை மன்னித்ததாக நான் நினைக்கவில்லை. சின்ன வயசில் தங்களைச் சந்தோஷப்படுத்திய ஒருவரை, அவர் தோற்றதற்காகத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதோடு, அவர் கடைசியில் பொய் சொல்லவில்லை.

2022 ஆகஸ்டில், 1952-ம் வருஷத்து மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். அந்த அட்டையில் இருப்பது இருபது வயசுப் பையனின் முகம். எனக்கு யாராவது சும்மா கொடுப்பதாக இருந்தால், அந்த அட்டையைவிட, பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டே எழுதிய அந்தக் கடிதத்தைத்தான் கேட்பேன்.

பதிலின் மீதிப் பாதி நம் பக்கத்தில் இருக்கிறது. உங்க கேங்கிலும் ஒருத்தன் இருப்பான். அவன் வந்தாதான் கச்சேரி களைகட்டும். அவனுக்கு பில் கட்ட நான், நீ என்று போட்டி நடக்கும். அடுத்த தடவை பர்ஸை எடுப்பதற்கு முன்னால், 'போதும்டா மச்சி, வா வீட்டுக்குப் போலாம்' என்று சொல்லிப் பாருங்கள். கோவிச்சுப்பான். நாலு நாள் பேச மாட்டான். பரவாயில்லை, அஞ்சாவது நாள் நீங்களே போன் போடுங்க.