பாஸ்கெட் மாற்றிய மாதம்

ஜனவரி 5

பெட்டி செய்யும் கம்பெனிக்காரர் இன்று ஒரு ரீலிலிருந்து வெட்டிய துண்டோடு ஆலைக்கு வந்தார். பழுப்பு கிராஃப்ட் காகிதம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அங்கங்கே கறுப்புப் புள்ளி, பளபளக்கும் பிளாஸ்டிக் துணுக்கு, விரல் வைத்தால் ஒட்டும் பசைப் பொட்டு. "புள்ளி இருந்தாக்கூட ஓட்டிக்கலாமுங்க. இந்தப் பசை மெஷின் ரோல்ல ஒட்டிக்கிட்டா வேலையே நின்னுபோகுதுங்க" என்றார்.

நாங்கள் வாங்குவது பழைய அட்டைப்பெட்டிகள். அவற்றோடு டேப், ஸ்டேப்பிள் பின், தெர்மோகோல், மணல், பெட்டி ஒட்டிய ஹாட்மெல்ட் பசை எல்லாமே வந்துவிடும். பல்பரில் கரைத்த பிறகு இரண்டு பிரஷர் ஸ்கிரீன்கள் வழியாகக் கூழ் போகிறது. இரண்டிலும் 1.6 மி.மீ. வட்டத் துளை போட்ட உருளைச் சல்லடைதான், பாஸ்கெட் என்போம். தட்டையான பிளாஸ்டிக் தாளைப் பிடிக்க வட்டத் துளை நல்லது. பருமனான சின்னத் துணுக்கோ அதில் எளிதாக நுழைந்துவிடும். அதைப் பிடிக்க நீண்ட, குறுகலான பிளவு வேண்டும். அதனால் முதல் ஸ்கிரீனை அப்படியே விட்டு, இரண்டாவதற்கு மட்டும் 0.20 மி.மீ. பிளவுள்ள பாஸ்கெட்டும் அதற்குள் சுற்றும் புது ரோட்டாரும் ஆர்டர் கொடுத்திருக்கிறோம். பொங்கல் ஷட்டவுனில் மாட்ட வேண்டும்.

ஜனவரி 8

ரிட்டயர் ஆன ஃபோர்மேன் அண்ணன் பி.எஃப். விஷயமாக ஆபீசுக்கு வந்தவர், என் மேசையில் கிடந்த பாஸ்கெட் படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நானெல்லாம் தட்டு ஸ்கிரீன் காலத்து ஆளுங்க தம்பி. வெண்கலத் தட்டுல கோடு கோடா வெட்டியிருக்கும். அடியில டயஃப்ரம் டப்பு டப்புன்னு அடிச்சுட்டே கிடக்கும். நாங்க ஹோஸ் பைப்பையும் ஸ்கிரேப்பரையும் வெச்சுட்டு ஷிப்ட் பூராத் தட்டைத் தேச்சுட்டே நிப்போம்."

அந்த டயஃப்ரம் அடித்தது வீண் சத்தமில்லை. கீழே இறங்கும்போது அது கூழைப் பிளவு வழியாக இழுக்கும். மேலே ஏறும்போது பிளவில் சிக்கியதை மேலே தள்ளிவிடும். மாவு சலிக்கும்போது சல்லடையைத் தட்டாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு மாவு மேலேயே நிற்கும். கூழ் சலிப்பதன் சூட்சுமம் முழுக்க அந்தத் தட்டலில்தான் இருக்கிறது.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. நிக்கொலா லூயி ரொபேர் 1799-இல் தொடர் காகித இயந்திரத்துக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றார். இயந்திரம் நிற்காமல் ஓடத் தொடங்கியதும், கந்தல் துணிக் கூழிலிருந்த முடிச்சுகள் பெரிய தலைவலி ஆயின. 1830-இல் இங்கிலாந்தின் பாயில் ஆலையைச் சேர்ந்த ரிச்சர்டு இபட்சன், வலைச் சல்லடைக்குப் பதிலாகக் கம்பிப் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிய வடிகட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். சதுரக் கண்ணில் நீண்ட நார் குறுக்கே விழுந்து தங்கிவிடும்; பிளவில் வரிசைபிடித்து இறங்கிவிடும். அதற்குப் பிறகு தட்டுகள் வந்தன, சுழலும் உருளைகள் வந்தன, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மூடிய தொட்டிக்குள் அழுத்தத்தோடு ஓடும் பிரஷர் ஸ்கிரீன் பரவலானது. ஸ்கிரேப்பர் பிடித்து நின்ற ஆளின் இடத்தை ரோட்டார் எடுத்துக்கொண்டது.

ஜனவரி 12

மரப்பெட்டியில் பாஸ்கெட் வந்து இறங்கியது. 600 மி.மீ. விட்டம். பழைய பாஸ்கெட் தகட்டில் துளையிட்டுச் சுருட்டியது. புதியதில் தகடே கிடையாது. ஆப்பு வடிவக் கம்பிகளை நெருக்கமாக நிறுத்தி, வெளியே வளையங்களால் பிடித்திருக்கிறார்கள். இபட்சனின் கம்பி அடுக்கை நிமிர்த்தி வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இடையில் நெடுங்காலம் தகட்டில் ரம்பச் சக்கரம் கொண்டு பிளவு வெட்டினார்கள். ரம்பத்துக்கு ஒரு தடிமன் உண்டு. அதைவிட மெல்லிய பிளவு வெட்ட முடியாது. பிளவுகளுக்கு நடுவே தகடும் நிறைய மிஞ்சும். கம்பி அடுக்கில் இடைவெளியை 0.10 மி.மீ. வரை கொண்டுவரலாம், திறந்த பரப்பும் கூடுகிறது.

ஃபிட்டர் தம்பி ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன சந்துல கூழு எப்படிங்க சார் போகும்?" என்றான்.

ஊசியிலை மர நார் சுமார் 3 மி.மீ. நீளம், 0.03 மி.மீ. அகலம். கரும்புச் சக்கை நார் 1 முதல் 1.5 மி.மீ. நீளம் இருக்கும். காகிதபுரம் ஆலையில் சக்கையிலிருந்து செய்யும் காகிதமும் பழையதாகி இந்தப் பக்கத்துப் பழைய காகித மூட்டைகளில் திரும்பி வருவதுதானே. 0.20 மி.மீ. பிளவில் ஆறு நார்கள் பக்கம் பக்கமாக நுழையலாம். ஆனால் நீண்ட நார் பிளவின் அகலத்தைப் போலப் பதினைந்து மடங்கு நீளம். தலை நுழைந்தால் போகும். குறுக்கே வந்தால் போகாது. பிளவை விடப் பருமனான அழுக்கு என்ன செய்தாலும் தடுக்கப்படும். நாருக்கும் மெல்லிய அழுக்குக்கும் அப்படி முடிந்த கணக்கு கிடையாது. எது எவ்வளவு போகும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது.

கம்பித் தலையை விரலால் தடவினால் சரிவு தெரிகிறது. ஒரு விளிம்பு உயர்ந்து, மறு விளிம்பு தாழ்ந்திருக்கிறது. அந்தப் படியைத் தாண்டும் கூழ் பிளவின் வாயில் சுழலும். சுழற்சி நார்க் கொத்தைக் கலைக்கும், தண்ணீருக்கும் வழி இலகுவாகும். வழவழப்பான பாஸ்கெட்டில் இதே பிளவை வைத்திருந்தால் சீக்கிரமே அடைத்திருக்கும். சரிவு ரோட்டார் சுற்றும் திசைக்குப் பொருந்த வேண்டும் என்பதால் வெளியே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 15

ஊரெல்லாம் பொங்கல். நாங்கள் ஸ்கிரீன் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தோம். "நாளைக்கு மாட்டுப் பொங்கலுக்காவது என்னை விட்டுருங்க சார்" என்று ஃபிட்டர் தம்பி காலையிலேயே சொல்லிவிட்டான். மத்தியானத்துக்குள் பழைய பாஸ்கெட்டைச் செயின் பிளாக்கில் தூக்கியாகிவிட்டது.

புது ரோட்டாரில் நான்கு ஃபாயில்கள். ஒவ்வொன்றும் விமான இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம். ஃபாயிலின் முன்பகுதி கூழைப் பிளவை நோக்கித் தள்ளும். அது கடந்துபோன மறுகணம் பின்னால் அழுத்தம் தாழும். பிளவைத் தாண்டிய கூழ் போகும் அக்செப்ட் பக்கத்திலிருந்து தண்ணீர் பிளவு வழியாகத் திரும்பி உள்ளே வந்து, வாயில் சிக்கியதைப் பெயர்த்துவிடும். பழைய டயஃப்ரம் செய்த அதே வேலை, வேகம்தான் வேறு. 600 ஆர்.பி.எம்.மில் பாஸ்கெட்டின் ஒவ்வொரு இடத்தையும் நொடிக்கு 40 ஃபாயில் கடக்கிறது. ஒரு நாளைக்கு 34 லட்சத்துக்கும் மேல். கம்பிகள் தேய்வதால் மட்டுமல்ல, இந்த ஓயாத அடியில் களைத்தும் உடைகின்றன.

ரோட்டாரைக் கையால் சுற்றி, நான்கு பக்கமும் மேலும் கீழும் இடைவெளி பார்த்தோம். இடைவெளி கூடினால் அடி வலுவிழக்கும். குறைந்தால் ஒரு ஆணித்துண்டு மாட்டினாலே பாஸ்கெட் போச்சு. சமமாக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

ஜனவரி 18

மெஷின் ஓடத் தொடங்கியது. காகிதம் சுத்தமாக வந்தது. பிளவில் நுழையாமல் ஒதுங்கியதை வெளியேற்றும் ரிஜெக்ட் குழாயில் கூழ் தாராளமாகப் போவதைப் பார்த்த புரொடக்‌ஷன் மேனேஜர், "நல்ல நாரெல்லாம் வெளியே போகுதுங்க. வால்வை மூடுங்க" என்றார். மூடினார்கள். சற்று நேரத்தில் ஃபீடுக்கும் அக்செப்டுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போய், மோட்டார் டிரிப் ஆனது. திறந்து பார்த்தால் பாஸ்கெட்டின் அடிப்பகுதியில் கூழ் கயிறு கயிறாகத் திரண்டிருந்தது.

இதில் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. வால்வை மூடினால் இழப்பு குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்தேன், நாளைக்குக் காட்ட.

பிளவு வழியாகத் தண்ணீர் சுலபமாகப் போகும். நார் அப்படிப் போகாது. 1989-இல் கனடாவின் கூடிங், கெரெகெஸ் இருவரும் பிளவருகே நாரின் நடமாட்டத்தை ஆராய்ந்து காரணம் சொன்னார்கள். பிளவுக்குள் இழுபடுவது சுவரை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு. அதில் நார் ஏற்கெனவே குறைவு. பாதி நுழைந்த நாரும் திரும்பி வெளியே வந்துவிடுவதுண்டு. எனவே கீழே இறங்க இறங்க, பாஸ்கெட்டுக்குள் கூழ் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது.

நார் கடப்பது தண்ணீர் கடப்பதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் கூழின் கெட்டி, அதாவது அதிலுள்ள நாரின் அளவு, 2.5 சதவீதம். கொள்ளளவில் 20 சதவீதத்தை ரிஜெக்டாக விட்டால், நாரில் சுமார் 45 சதவீதம் அதில் போகும், ரிஜெக்ட் 5.6 சதவீதக் கெட்டி. வால்வை மூடி ரிஜெக்டை 10 சதவீதமாக்கினால், நார் 32 சதவீதம்தான் போகும். ஆனால் கெட்டி 7.9 சதவீதம் ஆகிவிடும். அந்தக் கெட்டியில் இந்த ரோட்டாரால் கூழைக் கலைக்க முடியாது. இதுவே நார் கடப்பது தண்ணீரில் 0.8 பங்கு என்றிருந்தால், 20 சதவீத ரிஜெக்டில் போகும் நார் 28 சதவீதம், கெட்டி 3.4 சதவீதம்தான். ஆக, நாரை மிச்சப்படுத்தும் இடம் வால்வு அல்ல. கம்பித் தலையின் சரிவும் ஃபாயிலின் அடியும் சேர்ந்து அந்த 0.5-ஐ 0.8-க்கு எவ்வளவு நகர்த்துகின்றன என்பதுதான் விஷயம்.

ஜனவரி 20

மேனேஜர் கணக்கைப் பார்த்துவிட்டு, "சரி, திறந்தே ஓட்டுங்க. ஆனா அந்த நாரைத் திருப்பிப் புடிக்கறது உங்க பாடு" என்றார். நியாயம்தான். பாஸ்கெட்டின் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் விடும் டைல்யூஷன் லைனைத் திறந்தோம். கெட்டிப்படும் இடத்திலேயே இளக்கிவிடுகிறது. இப்போது ரிஜெக்ட் இன்னொரு சிறிய ஸ்கிரீனுக்குப் போகிறது, அதன் ரிஜெக்ட் கடைசியாக வைப்ரேட்டிங் ஸ்கிரீனுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் நாரில் கால்வாசி ஒதுங்கினாலும், மூன்று கட்டம் தாண்டினால் மொத்தத்தில் 1.6 சதவீதம்தான் வெளியேறும். இரண்டாம் கட்டத்தில் மீண்ட கூழை நேரே மெஷினுக்கு அனுப்பாமல் இந்த முதல் கட்ட ஸ்கிரீனின் வாய்க்கே திருப்பிவிட்டோம். அதில் அழுக்கு அடர்ந்திருக்கும். இன்னொரு தடவை சலிப்பது நல்லது.

ஜனவரி 25

பாஸ்கெட் அடைபடாததால் மின் கட்டணத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. 600 ஆர்.பி.எம்.மில் ஃபாயில் நுனி நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர், மணிக்கு 68 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ரோட்டார் தின்னும் மின்சாரம் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. பிளவை அடிக்கும் அழுத்தம் இருமடியைப் பொறுத்தது. 500-க்கு இறக்கினால் மின்சாரம் 58 சதவீதமாகும், அடி 69 சதவீதத்தில் நிற்கும். இழப்பதைவிட மிச்சம் அதிகம்.

எலெக்ட்ரிகல் ஆளிடம் வேகத்தை மாற்றும் டிரைவ் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறார். மோட்டார் புல்லியைச் சின்னதாக்கி, பெல்ட் மாற்றினோம். ஓடுகிறது. பசைத் துணுக்கு குறைந்தது எதிர்பாராத லாபம். யோசித்தால் காரணம் புரிகிறது: ஹாட்மெல்ட் சூட்டில் இளகும், இளகியதை வேகமும் அழுத்தமும் பிளவு வழியாகப் பிதுக்கிவிடும். அடி மெதுவானால் அது பிளவுக்கு வெளியே நிற்கிறது. ஆனால் கெட்டியான கூழ் வரும் ஷிப்டில் இந்த வேகம் போதாது. பழைய புல்லியை ஸ்டோரில் போட வேண்டாம், ஸ்கிரீன் பக்கத்திலேயே தொங்கவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 3

வைப்ரேட்டிங் ஸ்கிரீனின் வாயில் விழுவதை ஒரு வாளியில் பிடித்துக் கொட்டிப் பார்த்தோம். நீல டேப், வெள்ளைத் தெர்மோகோல் மணி, கரையாத, ஈரம் தாங்கும் அட்டைத் துண்டு, மெழுகு, பழுப்புப் பசை உருண்டை. நார் கொஞ்சம் இருந்தது, கையில் பிழிந்தால் ஒரு பிடி. முன்பு இவையெல்லாம் காகிதத்துக்குள் போய் வாடிக்கையாளர் வீட்டில் இறங்கின. இனி எங்கள் வாசலில் குவியும். அதை அள்ளிப்போக ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்கிரீன் அழுக்கை இடம்தான் மாற்றுகிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. அந்தச் செலவு பாஸ்கெட் கொட்டேஷனில் வராது.

பிப்ரவரி 10

ஷிப்ட் நோட்டில் மூன்று கட்டங்கள் புதிதாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்: அழுத்த வித்தியாசம், ரிஜெக்ட் கெட்டி, மோட்டார் ஆம்பியர். கம்பி மேல் இருப்பது ஹார்டு குரோம் பூச்சு. மணல் அதை மெல்லத் தேய்க்கும். பூச்சு தேய்ந்தால் பிளவு அகலும், சரிவின் விளிம்பு மழுங்கும். விளிம்பு மழுங்கினால் சுழற்சி போகும். பிளவு அகன்றிருந்தும் கொள்ளளவு குறையும். புது ஆளுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் இந்த மூன்று எண்களைப் பார்த்துப் பாஸ்கெட்டைக் கழற்ற வேண்டும். ஸ்கிரீனுக்கு முன்னாலிருக்கும் மணல் கிளீனர்களின் முனையை அடைபடாமல் வைத்திருப்பதும் இந்த பாஸ்கெட்டுக்கான பராமரிப்புதான்.

பெட்டிக்காரர் போனில் நன்றி சொன்னார். அதைக் கேட்ட பர்ச்சேஸ் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். "அப்ப அடுத்த தடவை 0.15 வாங்கிரலாமுங்களா? விலை கேக்கட்டுங்களா?"

0.15-இல் நார் கடப்பது இன்னும் கடினம். கூழை இன்னும் இளக்கமாக அனுப்ப வேண்டும். அதே டன்னுக்கு அதிகத் தண்ணீர், பெரிய பம்பு, பெரிய செஸ்ட்.

"கேளுங்கண்ணா. ஆனா மொதல்ல பம்புக்கு விலை கேட்டுட்டு வாங்க" என்றேன்.