சில்லறையில் ஊர்ப் பெயர்

உங்கள் ஊருக்கு நாணயம் அடிக்கிற உரிமை கிடைத்தால், பின்பக்கம் என்ன போடுவீர்கள்? சும்மா கேட்கவில்லை சார்... ரோமானியர் காலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இந்தக் கேள்விக்கு வெண்கலத்தில் பதில் எழுதியிருக்கின்றன!

ரோமானியர்கள் பலே ஆசாமிகள். தங்கத்தை விடவில்லை. வெள்ளியையும் பெரும்பாலும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, "சில்லறையை நீங்களே அடிச்சுக்குங்கப்பா!" என்று கிழக்கத்தி ஊர்களிடம் விட்டுவிட்டார்கள். முன்பக்கம் அனேகமாகச் சக்கரவர்த்தி தலை. பின்பக்கம் ஊர்க்காரர்கள் இஷ்டம்!

இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசு, 'நாங்கதான் ஆசியாவில் முதல்' என்று போட்டது. ஸ்மிர்னாவும் அதையே போட்டது. பெர்கமும் விடுமா? ஆக, முதல் ரேங்க் மூன்று பேருக்கு! கவர்னர் காதில் விழுந்தாலும் தப்பில்லை. பக்கத்து ஊர்க்காரன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அபமேயா. அந்த ஊருக்குப் பட்டப்பெயர் 'கிபோடோஸ்'. கிரேக்கத்தில் 'பெட்டி' என்று அர்த்தம். பெட்டி என்றதும் நோவாவின் பேழையையே சொந்தம் கொண்டாடிவிட்டார்கள்! கி.பி. 3-ம் நூற்றாண்டு நாணயத்தில், பெட்டிக்குள் நோவாவும் மனைவியும் நிற்கிறார்கள்; கிளையோடு ஒரு பறவை பறந்து வருகிறது. சந்தேகம் வரக் கூடாதென்று பெட்டி மேலேயே கிரேக்கத்தில் பெயர் வேறு!

ஆபீஸில் யாராவது "எந்த ஊர் நீங்க?" என்றால், பக்கத்துப் பெரிய ஊர் பெயரைச் சொல்லி, "...கிட்ட" என்று இழுக்கிற ஜாதி நான். அதனால்தானோ என்னவோ, இந்தக் காசுகள் மேல் ஒரு பொறாமை. அதில் வெறுமனே 'எபேசு' என்றுகூட இருக்காது, 'எபேசுக்காரர்களுடையது' என்றிருக்கும். யாருக்கும் 'கிட்ட' இல்லை!

பிறகு என்ன ஆச்சு? செலவுக்குத் துட்டு இல்லாத சக்கரவர்த்திகள் வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள். 268 வாக்கில் 'வெள்ளி'க் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. விலைவாசி எகிற, வெண்கலச் சில்லறை அடிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு ஊராகப் பட்டறையை மூடியது. பெர்கே மாதிரி ஓரிரு ஊர்கள்தான் டாசிடஸ் காலம், அதாவது 276 வரை இழுத்துப் பிடித்தன.

பணவீக்கம் வந்தால் விலை ஏறும், சம்பளம் பத்தாது என்று பி.காமில் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் ஊர் தன் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிடும் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.