கடைசியாகக் குளிப்பவள்

மார்கழி மாதம் எங்கள் வீட்டில் இரண்டு வாசனைகளோடு விடியும். ஒன்று, கொல்லையில் வெந்நீர் அடுப்பில் எரியும் வேலிக்காத்தான் விறகின் புகை. இன்னொன்று நீலகிரித் தைலம். இரண்டும் அம்மாவின் சேலையிலிருந்துதான் வரும். சின்ன வயதில் அதுதான் அம்மாவின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். தருமபுரி என்றால் வெயிலும் வறட்சியும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். கார்த்திகை பிறந்துவிட்டால் இங்கே விடியற்காலையில் பல் கிட்டும். மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் பனி சாமந்தித் தோட்டத்தின் மேல் ஈரத்துணிபோலக் கிடக்கும். அந்தப் பனியில்தான் பூப் பறிக்க வேண்டும். மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி வருவதற்குள் கூடை நிறைய வேண்டும். அம்மா இருபது வருடமாக அடுத்தவர் தோட்டத்தில் பூப் பறிக்கிறாள். பனி ஈரத்தில் விரல் நுனிகள் வெடித்துப் பிளந்திருக்கும். அந்த விரல்களோடு வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் தைலம் தேய்ப்பாள்.

அப்பாவுக்கு முதுகில். தம்பிக்கு நெஞ்சில். எனக்கு உள்ளங்காலில். ஆயாவுக்கு முட்டியில் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டு, மேலே தைலம் இரண்டு சொட்டு. கடைசியில் கையில் மிஞ்சியதைத் தன் சேலையில் துடைத்துக்கொள்வாள். அம்மாவுக்கு யார் தேய்த்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள்கூட நினைவில் இல்லை.

வெந்நீரும் அப்படித்தான். நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது அவள். ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண் சிவப்பது அவள். முதல் தவலைத் தண்ணீர் அப்பாவுக்கு, அடுத்தது தம்பிக்கு, பிறகு ஆயா, பிறகு நான். அவள் முறை வரும்போது அடுப்பில் சாம்பல்தான் இருக்கும். “வெதவெதன்னு இருக்குது, போதும்” என்பாள். அது வெதுவெதுப்பாக இருந்ததே இல்லை என்பது, ஒரு நாள் அவளுக்குப் பின்னால் நான் குளிக்கப் போனபோதுதான் தெரிந்தது.

எண்ணெய்களைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் ஆயா. ஆமணக்கு விதையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பாள். வீடு முழுக்கக் காட்டமான மணம் அடிக்கும். ஒரு நாள் காகிதத்தில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, தைலம் ஒரு சொட்டு வைத்துக் காட்டினாள். விளக்கெண்ணெய்க் கறை அப்படியே நின்றது. தைலம் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. “இது தங்கற எண்ண, அது ஓடற எண்ண” என்றாள். ஆவியாகும் எண்ணெய்க்கும் ஆவியாகாத எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிமையாக எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. வேது பிடிக்க நொச்சி இலையைப் பறித்து வந்து போடுவதும் அவள்தான். அந்த இலையைக் கசக்கினால் வரும் மணமும் ஓடற எண்ணெய்தான்.

தைலம் நம்முடையதுபோலத் தோன்றினாலும் அந்த மரம் நம்முடையது அல்ல. டாஸ்மேனியாவின் மரம். 1843இல் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நீலகிரியில் நட்டதாகச் சொல்கிறார்கள். விறகுக்காகத்தான் அதிகம் வளர்த்தார்கள். நூறு கிலோ இலையை அடுப்பிலேற்றிக் காய்ச்சினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ தைலம் கிடைக்கும். ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது தகரக் கொட்டகை ஒன்றில் அதைக் காய்ச்சுவதைப் பார்த்தேன். அங்கேயும் இலைக் கட்டைச் சுமந்து வந்தவர்கள் பெண்கள். அங்கேயும் விறகடுப்பு, அங்கேயும் புகை. அந்தப் புட்டியில் ஒன்றைத்தான் அம்மாவுக்கு வாங்கி வந்தேன்.

பத்தாவது முடித்த விடுமுறையில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். போனவர்களுக்குத் தெரியும்: பாறைமேல் ஆண்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பார்கள். எண்ணெய் தேய்ப்பவர்கள் முதுகில் தட்டும் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கழுத்தை ஒரு சொடுக்கு, தோளை ஒரு சொடுக்கு. எழுந்திருக்கும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சொக்கல் இருக்கும். அப்பாவும் படுத்தார், சித்தப்பாவும் படுத்தார். கொஞ்சம் தள்ளி, வாங்கிவந்த மீனை மசாலா தடவி வறுத்துக் கொடுக்கும் பெண்கள் அடுப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களோடு பேசிக்கொண்டு தம்பியின் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பா எழுந்து வந்து, “உடம்பு பஞ்சாட்டம் ஆயிடுச்சு” என்றார். அம்மா சிரித்தாள். ஆற்றின் ஒரு கரையில் எண்ணெய் உடம்புக்குள் இறங்கியது, இன்னொரு கரையில் சட்டியில் கொதித்தது. அன்று இதைப் பார்த்தேனே தவிர, இப்படி ஒரு வாக்கியமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படித்து முடித்து, பெங்களூரில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மகளிர் தினத்தன்று எங்களுக்கெல்லாம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். உள்ளே லாவெண்டர், யூகலிப்டஸ், புதினா என்று மூன்று சின்னப் புட்டிகள், ஆவி விடும் ஒரு டிஃப்யூசர். குளிர்காலத்தில் உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த வருடம் ஒரு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. கழிப்பறைக்குப் போகும் நேரத்தை மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டிருந்தார். நாங்களோ ஓய்வுக்கான புட்டிகளை வரிசையில் நின்று வாங்கினோம். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், எனக்கு அந்தப் பெட்டி பிடித்திருந்தது. விடுதி அறையில் இரவு விளக்கை அணைத்துவிட்டு லாவெண்டர் மணத்தில் படுத்திருப்பது சுகமாக இருந்தது. யாருக்கும் தேய்த்துவிடாமல், எனக்கென்று மட்டும் இருந்த முதல் வாசனை அது.

அம்மாவுக்கு இருமல் வந்தது அந்தச் சமயத்தில்தான். முதல் குளிர்காலத்தில் சளி என்றாள். தை முடிந்தும் போகவில்லை. “தைலம் போட்டு ஆவி புடிம்மா” என்று போனில் சொன்னேன். அடுத்த குளிர்காலத்தில் கூடை தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றாள். இரண்டு புட்டி தைலம் வாங்கி, ஊருக்குப் போன அண்ணன் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். “புடிச்சா மூச்சு நல்லா வருது கண்ணு” என்றாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைத்தேன்.

தைலத்தை முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல இருக்கும். அதிலுள்ள சினியோலும், புதினாவிலுள்ள மென்தாலும், நமது நரம்புகளில் குளிர்ச்சியை உணரும் புரதம் ஒன்றைத் தூண்டுகின்றன. குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளை நினைத்துக்கொள்கிறது. மென்தாலை வைத்து அந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் உணர்வேற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மென்தாலை வைத்துச் சோதித்தபோது, மூக்கடைப்பு அப்படியே இருக்க, மூச்சு எளிதானதாக மட்டும் ஆட்கள் உணர்ந்தார்கள். சாதாரணச் சளிக்கு அந்த ஆறுதல் போதும். தூக்கம் வரும், விடிந்தால் வேலைக்குப் போகலாம். அம்மாவுக்கு வந்தது சாதாரணச் சளி அல்ல.

மூன்றாவது குளிர்காலத்தில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள். அடுப்பை ஊதிப் பழகியவள் மூன்று முறை ஊதியும் டாக்டருக்குப் போதவில்லை. “வீட்டில யாராவது பீடி புடிப்பாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “வெறகு அடுப்பா?” என்றார். அப்பா உடனே சொன்னார்: “காஸ் அடுப்பு இருக்குதுங்க சார்.”

இருக்கிறதுதான். 2007இல் அரசு இலவச காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கும் அது வந்து சேர்ந்தது. அதில் டீயும் குழம்பும் வைப்போம். வெந்நீரை யாரும் காஸில் வைக்கமாட்டார்கள், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். களிக்கும் விறகடுப்புதான். எங்கள் வீட்டில் காஸ் வந்தும் புகை போகவில்லை, கொல்லைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். டாக்டர் நீளமான ஒரு பெயரைச் சொன்னார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடிக்காத பெண்களுக்கு இது வருவதற்கு விறகுப் புகை ஒரு முக்கியக் காரணம். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. போன நுரையீரல் திரும்பாது. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, புகையிலிருந்து விலகினால் மேலும் போகாமல் காக்கலாம். தைலத்தைப் பற்றிக் கேட்டேன். “காட்டமான வாசனை சில பேருக்கு இருமலக் கூட்டும். இவங்களுக்கு அது மருந்து இல்ல” என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “நீ அனுப்புன தைலத்துல பாதி இன்னும் இருக்குது கண்ணு. வீணாப் போவுதே” என்றாள். இரண்டு வருடம் நான் அவளுக்கு அனுப்பியது வைத்தியம் அல்ல. நான் வந்து பார்க்காமல் இருப்பதற்கான சமாதானம். அம்மாவுக்கும் அது ஒரு சமாதானம்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், வீட்டில் சமைக்க ஆள் இருக்காது. தைலம் அப்படியெல்லாம் எதையும் கேட்பதில்லை. மருத்துவம் கிடைக்க வேண்டிய இடத்தில் பெண்கள் எத்தனை பேர் ஒரு தைலப்புட்டியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்று அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். தெருவிலேயே ஏழு பேர் இருந்தார்கள்.

இதனால் ஆயாவின் கைவைத்தியத்தை ஏளனம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளுடைய சூடான விளக்கெண்ணெய் வெடித்த தோலை மூடும். அவள் கை பட்டால் வலி குறையும். அது பொய்யில்லை. ஆனால் பிறந்த குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட வேண்டும் என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலாகும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் சேர்த்த தைலம் ஆகாது. குழந்தை தைலத்தைத் தெரியாமல் குடித்துவிட்டால், கொஞ்சமானாலும் வலிப்பு வரலாம். பாட்டிகளின் அறிவை மதிப்பது என்றால் அதில் எது நிற்கும், எது நிற்காது என்று சோதித்துப் பார்ப்பதும்தான். அவளே காகிதத்தில் சொட்டு வைத்துச் சோதித்தவள்தானே.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கினேன். வெந்நீர் அடுப்பு இனி வேண்டாம் என்றேன். அப்பா கணக்குப் போட்டார். ஒரு வாளிக்கு அரை யூனிட். ஒரு நாளைக்கு நாலு வாளி என்றால் இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூற்றிருபது. இலவச 100 யூனிட் இதிலேயே தீர்ந்துவிடும், லைட்டுக்கும் ஃபேனுக்கும் காசு கட்ட வேண்டும். அவர் கணக்கில் தவறில்லை. கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது. இருபது வருடம் அம்மா குடித்த புகைக்கு மீட்டர் இல்லாததால் அது இலவசமாகவே தெரிந்திருக்கிறது. இதை அப்பாவிடம் சத்தம் போடாமல்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் தம்பி, “ராடு போடறது என் வேல. கரண்ட் பில்லும் நான் பாத்துக்கறேன்” என்றான். களி கிண்டுவதும் காஸ் அடுப்புக்கு வந்தது.

பெங்களூர்ப் பெட்டியிலிருந்த புட்டிகளை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அன்று மத்தியானம் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் சூடு பண்ணி, அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன்.

“எனுக்கு என்னாத்துக்கு கண்ணு? ஆயாவுக்குத் தேச்சி வுடு.”

“ஆயாவுக்குத் தேச்சாச்சு. உக்காரும்மா.”

ஜாக்கெட் ஊக்கைக் கழற்ற வெட்கப்பட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். அவள் முதுகை நான் முன்பு பார்த்ததே இல்லை. இடது தோளுக்குக் கீழே பெரிய தழும்பு ஒன்று இருந்தது. கேட்டேன். நான் வயிற்றில் இருந்தபோது வெந்நீர்த் தவலை சாய்ந்து பட்டது என்றாள். முப்பது வருடமாக அந்தத் தழும்பை யாரும் கேட்கவில்லையா என்றேன். “கேட்டா மட்டும்?” என்றாள். பிறகு பேசவில்லை. என் கைக்குக் கீழே அவள் மூச்சு விசில்போல ஏறி இறங்கியது. எண்ணெயால் அது மாறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன்.

மறுநாள் விடியற்காலை தம்பி ராடு போட்டான். முதல் வாளியை அம்மாவுக்கு எடுத்து வைத்தான். “அப்பாவுக்கு வெய்யி, நான் பொறவு பாத்துக்கறேன்” என்றாள். அவன் நகரவில்லை. கடைசியில் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வர நேரமானது. “இன்னும் ஆவலியா?” என்று அப்பா இரண்டு முறை கேட்டார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் மெல்ல, விட்டு விட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.