மயிற்பொறி எதில் ஓடியது?

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம், மயிற்பொறி வந்ததும் வகுப்பு சற்றே விழித்துக்கொள்ளும். கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றிவிட, நிறைசூலியான விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போருக்குப் போகிறான். பொறி அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்குகிறது. பத்தாண்டுகளுக்கு முன், பகுதி ஒன்று தமிழுக்காக எங்களிடம் வந்த இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து, "அது எதில் ஓடியது ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்துச் சமாளித்தோம்.

அந்த மாணவர் இன்று வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சி விமானக் களத்தில் எரிபொருள் நிரப்பும் பணியில் இருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். வீடு அவனியாபுரத்தை ஒட்டியது. 1942இல் போருக்காக ஆங்கிலேய வான்படை பயன்படுத்திய ஓடுதளம் இருந்த பக்கம் என்பதால், மாடியில் பேசிக்கொண்டிருந்தால் இடையிடையே விமானத்துக்காகப் பேச்சை நிறுத்த வேண்டும்.

நான்கு பேர் அமரும் செஸ்னாவுக்கு எரிபொருள் இடும் முறையை அவர் விவரித்தார். இன்ஜினை அணைத்து, சுவிட்சுகளை மூடியபின் முதல் வேலை, ஒரு கம்பியின் கவ்வியை விமானத்தின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டுவது. புகைக்குழாய் ஆகும், தரையில் கட்டிவைக்கும் வளையமும் ஆகும். ஆன்டெனாவில் ஆகாது. கம்பியின் மறுமுனை எரிபொருள் வண்டியில் இருக்கும். அதன்பிறகே ஏணியில் ஏறி இறக்கையின் மேலுள்ள மூடியைத் திறக்கலாம். நாசிலின் உலோகம் கலத்தின் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். முடிந்ததும், மூடியை இட்ட பிறகுதான் கவ்வியைக் கழற்றலாம்.

"நிலத்தோடு இணைக்கிறார்கள் என்றல்லவா நினைத்தோம்?" என்றோம். அதைவிட வண்டியையும் விமானத்தையும் ஒன்றோடொன்று இணைப்பதே முதன்மையானது என்றார். எரிபொருள் குழாய் வழியாகவும் வடிகட்டி வழியாகவும் பாயும்போது உராய்வில் மின்னூட்டம் சேர்கிறது. இரண்டு உடல்களுக்கிடையே வேறுபாடு மிகுந்தால் பொறி பாயும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போதுமாம். கதவுப்பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தைக்குமே, அதில் இருப்பது இதைவிட அதிகம். (சிந்தாமணியின் 'பொறி'க்கு இப்படியும் ஒரு பொருள் கொள்ளலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.)

1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு பறந்த ஜே. ஆர். டி. டாட்டாவின் புஸ் மாத்துக்கு அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த தகர டின்களிலிருந்து பெட்ரோல் ஊற்றினார்களாம். தகரமாவது மின்னைக் கடத்தும். பிளாஸ்டிக் கேன்தான் வம்பு என்றார் மாணவர். அதில் சேர்ந்த மின்னூட்டத்துக்குப் போக வழியில்லை. துணியில் வடிகட்டினால் இன்னும் மோசம்.

அந்த இடத்தில் எங்களுக்குப் பேச்சு நின்றது. விமானம் எதுவும் போகவில்லை.

1994, பங்குனி. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசலில் எங்கள் கிணற்றுக்கு ஒரு மண்ணெண்ணெய் இன்ஜின் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். காலையில் அண்ணன் பிளாஸ்டிக் கேனிலிருந்து பிளாஸ்டிக் புனல் வழியாகப் பெட்ரோல் ஊற்றினார். தூசி விழாமலிருக்கப் புனலின் மேல் அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டு. தீ எப்படி எழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

பீடிதான் காரணம் என்றார் அப்பா. அன்று பற்றவைக்கவே இல்லை என்று அண்ணன் அய்யனார் மேல் சத்தியம் செய்தார். நாங்கள் அப்பாவை நம்பினோம். இன்ஜின் அறைச் சாவி கூலியாள் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு அண்ணன் திருப்பூருக்குப் போனார். 2011இல் அப்பா இறக்கும்வரை அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாணவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இன்ஜின் சூடாக இருந்ததா என்று கேட்டார். இல்லை, அன்றைக்கு அதுதான் முதல் ஓட்டம். "உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. ஆனால் அந்தப் புனலையும் துணியையும் எங்கள் களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்" என்றார்.

இரவு திருப்பூருக்குத் தொலைபேசினோம். கம்பி, கவ்வி, துணி என்று பாடம் நடத்துவதுபோலச் சொல்லிக்கொண்டே போனோம். மன்னிப்புக் கேட்கும் சொற்றொடர் மட்டும் வாயில் வரவில்லை. தமிழ் முதுகலை என்று பெயர்.

"இப்ப எதுக்குடா அந்தப் பேச்சு" என்றார் அண்ணன். தறிச் சத்தம் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தோம்.

"அந்தக் கவ்வியை எங்க மாட்டணும்னு சொன்ன?"

பெயின்ட் இல்லாத இரும்பில் என்றோம்.

"நம்ம இன்ஜின்ல புகைக்கொழாய் மட்டுந்தான் அப்பிடி இருந்துச்சு" என்றார்.