வார்டுக் கோடும் வாக்காளர் பட்டியலும்

நகர்ப்புற உள்ளாட்சியில் ஒருவருடைய அரசியல் ஆயுளை அவர் வாங்கிய வாக்குகள் ஒரு பங்கு தீர்மானிக்கின்றன என்றால், அவர் நின்ற இடம் அடுத்த தேர்தலிலும் அதே வடிவில் இருந்ததா என்பது இன்னொரு பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. சட்டமன்றத் தொகுதியின் எல்லை பல தேர்தல்களுக்கு ஒருமுறை மாறுவது. வார்டின் எல்லையோ பேரூராட்சி நகராட்சியாக உயரும்போதும், நகராட்சி மாநகராட்சியில் கரையும்போதும், மக்கள்தொகை கூடியது என்று மறுவரையறை செய்யும்போதும் மாறிவிடுகிறது. அதற்குமேல் சுழற்சி முறை இட ஒதுக்கீடு உண்டு. அதாவது பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்கள் ஒரே வார்டில் நிலைத்துவிடாமல் வார்டு விட்டு வார்டு நகரும் ஏற்பாடு. ஆலந்தூரிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் வளர்ந்த புறநகர்களில் இவ்விரண்டும் சேர்ந்து மேலேற்றியவர்களும் உண்டு, வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு.

வார்டு வேலை என்று கட்சிக்காரர்கள் சொல்லும் தொழிலின் அடிப்படைக் கருவி மேடையோ ஒலிபெருக்கியோ அன்று, வாக்காளர் பட்டியலே. ஒரு வாக்குச்சாவடிக்குரிய பெயர்களைக் கொண்ட பகுதியைப் பாகம் என்பார்கள். தேர்ந்த வட்டச் செயலாளர் (வார்டு அளவில் கட்சியைக் கவனிப்பவர்) ஒருவர் கையில் இருக்கும் பாகத்தைப் பார்த்தால், அச்சிட்ட பெயர்களைவிட ஓரத்தில் பேனாவால் போட்ட குறிகளே அதிகமாக இருக்கும்: நம் வாக்கு, எதிர் வாக்கு, பேசிப் பார்க்கலாம், இறந்துவிட்டார், வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார், வீடு மாறிவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் பெயர்களில் கடைசி மூன்று குறிகளுக்கு உரியவை எவை என்பதைச் சரியாகப் பிரித்துவைத்திருப்பவரே தொழில் தெரிந்தவர். ஏனெனில் சில நூறு வாக்குகளில் முடிவு மாறும் வார்டில், இல்லாத வாக்கை நம்பிப் போட்ட கணக்குதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

தாம்பரத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931 முதல் இது காலையில் புறப்பட்டுப்போய் இரவில் திரும்புகிறவர்களின் ஊராகவே வளர்ந்தது. வீடு வீடாகச் செல்லும் வேட்பாளர் பகல் பதினொரு மணிக்குப் போனால் முதியவர்களையும் பூட்டிய கதவுகளையும்தான் பார்ப்பார். வாடகைக்கு இருப்போர் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் குரோம்பேட்டையிலிருந்து சேலையூருக்கும் சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்கும் நகர்ந்துகொண்டிருக்க, அவர்களுடைய வாக்கு மட்டும் பழைய முகவரியிலேயே தங்கிவிடுகிறது. வாக்காளரின் வரிசை எண்ணும் சாவடியும் அச்சிட்ட பூத் சிலிப்பைக் கொடுக்கப் போவது பார்வைக்கு எடுபிடி வேலையாகத் தோன்றினாலும், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அறிய அதுவே ஒரே வழி. ‘சார், ஓட்டு இருக்கட்டும், தண்ணி லாரி எப்போ வரும்?’ என்ற கேள்வியும் அந்த வாசலில்தான் வரும். அதைப் பட்டியலின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்பவர் அடுத்த தேர்தலுக்கு அன்றே வேலை தொடங்கிவிட்டார் என்று பொருள்.

இத்தொழிலின் உச்சத்தையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் வாழ்க்கை ஆர்.எஸ். பாரதியுடையது. தி.மு.க.வைச் சேர்ந்த அவர் ஆலந்தூர் நகராட்சித் தலைவராக 1996இல் பொறுப்பேற்றபோது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த அவ்வூரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி, லாரி வராவிட்டால் தெரு என்பதே நிலைமை. அரசு மானியத்துக்குக் காத்திராமல், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை மக்களிடமே வாங்கி, மீதிக்குக் கடனும் தனியார் முதலீடும் சேர்த்து, சுமார் 34 கோடி ரூபாயில் திட்டத்தை நிறைவேற்றுவது என்று நகராட்சி முடிவெடுத்தது. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியார் நிறுவனமே கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பின்னர் நகராட்சியிடம் ஒப்படைப்பது என்ற ஒப்பந்த முறை இந்தியக் கழிவுநீர்த் திட்டங்களில் அன்று புதியது. நகர்ப்புற நிதி பற்றிய ஆய்வுகளில் ஆலந்தூரின் பெயர் இன்றும் அடிபடுவதற்குக் காரணம் அதுவே.

ஆய்வாளர்கள் நிதி ஏற்பாட்டை வியக்கிறார்கள். வார்டு வேலை தெரிந்தவர்கள் வியப்பது வேறொன்றை. வாக்குக் கேட்டுப் போகும் வாசலில் பணம் கேட்டுப் போவது எந்த உள்ளாட்சி அரசியல்வாதியும் அஞ்சும் காரியம். தெருவை வெட்டிப் போட்டால் அடுத்த மழைக்குத் திட்டு விழும். ஐயாயிரம் கொடுத்தவர் குழாய் எப்போது வரும் என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தெருத் தெருவாக அழைத்துப் பேசி, தலைவரும் உறுப்பினர்களும் வீடு ஏறி வாங்கிய அந்த வைப்புத்தொகை, உண்மையில் தேர்தல் வேலையின் அதே உழைப்புதான். பட்டியலின் ஓரத்தில் ‘நம் வாக்கு’ என்று எழுதிய இடத்தில் ‘கட்டிவிட்டார்’ என்று எழுதினார்கள், அவ்வளவே. 2001இல் மாநில ஆட்சி அ.தி.மு.க.வுக்கு மாறிய சில மாதங்களிலேயே நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பாரதி மீண்டும் தலைவரானார், திட்டமும் நிற்கவில்லை.

அதன்பின் கோடு மாறியது. 2011இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது, அவர் இருந்த நாற்காலியை யாரும் தோற்கடித்துப் பறிக்கவில்லை. நாற்காலியே இல்லாமல் போயிற்று. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பண்ருட்டி இராமச்சந்திரன் பதவி விலகியதால் 2014இல் மக்களவைத் தேர்தலோடு நடந்த ஆலந்தூர் சட்டமன்ற இடைத்தேர்தலில் பாரதி நின்றார். வென்றது அ.தி.மு.க.வின் வெங்கட்ராமன். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 37ஐ அக்கட்சி அள்ளிய அலையில் சாக்கடைக் குழாயின் நினைவு எடுபடவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. இதே பகுதியை உள்ளடக்கிய பழைய பரங்கிமலைத் தொகுதி, 1967இல் குண்டடிபட்டு மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை வாசலுக்கே வராமல் வெல்லவைத்த தொகுதி. சட்டமன்ற வாக்கு முகத்துக்கு விழுவது, நகராட்சி வாக்கு தெருவுக்கு விழுவது. 2016இல் மாநிலங்களவைக்குச் சென்ற பாரதி, அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று தொடுத்த வழக்கில், தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உள்ளாட்சித் தேர்தலால் உருவான ஒருவருடைய வழக்கிலேயே உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனதையும், நகரங்கள் 2022 வரை மன்றமின்றித் தனி அலுவலர்களின் கையில் கிடந்ததையும் எந்தத் தரப்பும் அன்று எதிர்பார்த்திருக்க முடியாது.

ஆலந்தூருக்கு 2011இல் நேர்ந்தது தாம்பரத்துக்கு 2021 நவம்பரில் பத்து மடங்காக நேர்ந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. பத்துத் தலைவர் பதவிகள் ஒரு மேயர் பதவியாகவும், பல்வேறு மன்றங்களில் சிதறிக்கிடந்த உறுப்பினர் இடங்கள் 70 வார்டுகளாகவும் சுருங்கின. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் நேரடியாக வாக்களிக்காமல் வென்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலில், 2022 மார்ச் 4 அன்று 25 வயதுப் பொறியியல் பட்டதாரி வசந்தகுமாரி முதல் மேயரானார். பல ஆண்டுகளாகத் தத்தம் ஊரில் தலைவர் பதவிக்குக் காத்திருந்த மூத்தவர்கள் பலர், கட்சிக்குள் போட்டியிடக்கூட வழியில்லாத நிலைக்கு வந்ததை அநீதி என்று சொல்லிக்கொண்டார்கள். அவ்வாறு காத்திருக்கும் வரிசையிலேயே நிறுத்தப்படாதவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் கதவே திறந்திராது என்பதும் அதே அளவு உண்மை.

இடங்களில் பாதி பெண்களுக்கு என்றான பிறகு, மனைவியை நிறுத்திவிட்டுத் தன்னையே கவுன்சிலர் என்று அழைக்கவைத்துக்கொள்ளும் கணவர்களும் பெருகினார்கள். பட்டியலைக் கணவர் வைத்திருக்கும் வீட்டில் பதவி அவரிடமே இருக்கிறது. தெருவிளக்குப் புகாரை நேரில் வாங்கித் தன் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பெண் உறுப்பினரிடம் மக்கள் கணவரின் பெயரைக் கேட்பது விரைவில் நின்றுவிடுகிறது.

2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் பழைய குறிகளிட்ட பாகங்கள் பாதிக்கு மேல் பயனற்றுப்போயின. உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வார்டுவாரியாக வெட்டித் தொகுப்பது என்பதால், ஒரு பாகத்தின் முதல் சில தெருக்கள் ஒரு வார்டுக்கும் மீதித் தெருக்கள் அடுத்த வார்டுக்கும் போகும் இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் வட்டச் செயலாளர்கள் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே விரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடி, நம் வாக்கு என்ற குறியைப் புதிய வரிசை எண்ணுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட தெருக்களின் தாள்களை, அங்கே நிற்கும் தம் கட்சி வேட்பாளரிடம் கொடுப்பதா, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதா என்பதில் மட்டும் பலருக்கு இரண்டு மனமாக இருந்தது.